மே மாத விடுமுறை: ஸ்கூபாவுக்கும் ஸ்நார்கெலிங்குக்கும் எந்தத் தீவு?

வேளச்சேரி அம்மா | மார்ச் 4

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான், முடிவுக்கு வர முடியவில்லை. போய் வந்தவர்களிடமே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். கணவர் பன்னிரண்டு வருடம் முன்னால் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் (ஸ்கூபாவின் முதல் நிலை) கோர்ஸ் முடித்தவர், அதற்கப்புறம் தண்ணீருக்குள் போகவே இல்லை. மகளுக்கு 13 வயது, நன்றாக நீந்துவாள், ஸ்கூபா (டாங்க் மாட்டி ஆழத்துக்குப் போவது) செய்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மகனுக்கு 9 வயது, மிதப்பான், கொஞ்ச தூரம் நீந்துவான். எனக்கு நீச்சல் தெரியாது. மாமியாருக்கு 64, சுத்த சைவம், முழங்கால் வலி உண்டு. மே இரண்டாவது வாரம் ஏழு நாள் லீவு.

கணவர் அந்தமான் என்கிறார். மகளுக்கு மாலத்தீவு. அலுவலகத் தோழி லட்சத்தீவுக்குப் போகச் சொல்கிறாள். எங்கே போனால் ஐந்து பேரும் கடலுக்குள் எதையாவது பார்த்துவிட்டு வரலாம்? அவரும் மகளும் படகில் போக, மற்ற மூன்று பேரும் கரையில் பை காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பயணம் எனக்கு வேண்டாம்.

நீலத்திருக்கை | மார்ச் 4

ஹாவ்லாக்கில் (இப்போது ஸ்வராஜ் தீவு) ஆறு சீசன் டைவ் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவன். அந்தமான் மேல் எனக்கு உயிர். இருந்தாலும் மே இரண்டாவது வாரம் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்கு முன்பே, மே மூன்றாவது வாரத்தில் அந்தமான் கடலில் இறங்கிவிடும். அதற்கு முன்னால் வங்கக்கடலில் புயல் கூடும் காலமும் அதுதான். தண்ணீர் கலங்குவது ஒரு பக்கம். கப்பல் ரத்தானால் ஹாவ்லாக்கிலேயே மாட்டிக்கொள்வீர்கள், போர்ட் பிளேரிலிருந்து திரும்பும் விமானம் போய்விடும். மாமியாரை வைத்துக்கொண்டு அந்தத் தவிப்பு தேவையில்லை.

ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அந்தமான். சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேர விமானம், பாஸ்போர்ட் வேண்டாம், நம்ம ரூபாய், போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழ் பேசியே காலம் தள்ளலாம். நீல் தீவில் (ஷகீத் தீவு) பரத்பூர் கடற்கரை உங்கள் குடும்பத்துக்கென்றே அமைந்தது போல இருக்கும். ஆழமில்லாத தண்ணீர், கண்ணாடி அடித்தளம் வைத்த படகும் உண்டு. பெரிய ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு ஹாவ்லாக்கிலிருந்து டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று டைவ் இடங்கள் இருக்கின்றன.

தீவைத் தேடுவதற்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள். மாதத்தை மாற்ற முடியாது என்றால் அந்த மாதத்தில் கடல் அடங்கியிருக்கும் பக்கம் எது என்று தேடுங்கள். அதற்கப்புறம் வீட்டில் யார் தண்ணீருக்கு மிகவும் பயப்படுகிறார்களோ, அவருக்குத் தகுந்த இடமாகப் பாருங்கள். டைவ் செய்கிறவர் எங்கே போனாலும் எதையாவது பார்த்துக்கொள்வார்.

வேளச்சேரி அம்மா | மார்ச் 5

மாதத்தை மாற்ற வழியில்லை. மகள் அடுத்த வருடம் பத்தாம் வகுப்புக்குத் தயாராக ஆரம்பித்துவிடுவாள், பொங்கல் லீவில் நாலு நாள்தான். மே மாதம் எந்தப் பக்கம் கடல் அடங்கியிருக்கும்?

திருமலைக் கரையான் | மார்ச் 5

அக்கா, இதற்கு மறுமொழி சொல்ல எங்களூர்க்காரர்தான் வர வேண்டும். மே மாதமா, திருகோணமலைக்கு வாருங்கோ.

தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும்தான் மோதும். அந்த நேரம் ஹிக்கடுவப் பக்கம் கடல் கொந்தளிக்கும், கிழக்கில் நாங்கள் வடிவாகக் கடலில் இறங்குவோம். மே தொடங்கி செப்டெம்பர் வரை எங்கள் சீசன். மார்கழியில் வந்தால் நேர்மாறு.

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 2003 இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். படகில் பத்துப் பதினைந்து நிமிடம், முதுகு நோகும் அளவுக்குத் தூரம் இல்லை. தீவின் ஒரு பக்கம் கரையிலிருந்து இறங்கிய கையோடு முருகைக்கல் (பவளப்பாறை), மறுபக்கம் கருமுனைச் சுறாக்கள். பயப்பட வேண்டாம், ஆட்களைக் கண்டால் அவைதான் விலகும். மனிதரைச் சீண்டாத இனம்.

சில விசயங்களை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வார இறுதியில் சனம் நிரம்பி வழியும். நீந்தத் தெரியாதவர்கள் முருகைக்கல் மேலேயே ஏறி நின்று அதைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள், எங்களுக்கு வயிறு எரியும். கிழமை நாளில் காலை ஏழு மணிக்கே முதல் படகில் போங்கோ. பிற்பகலில் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் தண்ணீரின் மேல் அலை சிதறத் தொடங்கும், பிள்ளைகளுக்குக் களைப்பு. தீவின் கரை முழுக்க உடைந்த முருகைக்கல் துண்டு, வெறுங்காலில் நடக்க முடியாது. அம்மாவுக்குப் பிடிப்புள்ள செருப்பு கட்டாயம்.

டைவ் செய்கிறவர்களுக்குக் கோணேசர் கோயில் நிற்கும் மலையின் அடிவாரத்திலேயே இடம் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம், அம்மா கும்பிட்டுவிட்டு வரலாம். சைவச் சாப்பாட்டுக்கு நகருக்குள் குறை இல்லை.

ஈப்போ அக்கா | மார்ச் 6

மே மாதம் எங்கள் மலேசியாவின் கிழக்குக் கரையும் நன்றாகத்தான் இருக்கும். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் மூன்றும் மார்ச் முதல் அக்டோபர் வரை. நவம்பரில் வாடைக்காற்று தொடங்கியதும் விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம், வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

பெர்ஹெந்தியான் பெசாருக்கு மூன்று முறை போயிருக்கிறோம். விடுதிக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தபோது பெரிய பச்சை ஆமை ஒன்று, சோற்றுப்பானை அளவு தலையை ஆட்டி ஆட்டிக் கடல்புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. என் பேத்தி லைஃப் ஜாக்கெட்டோடு அதன் மேலே மிதந்தபடி அரை மணி நேரம் பார்த்தாள். மூச்சு வாங்க அது மேலே வரும்போது இவள் கையைக் காலைச் சுருக்கிக்கொள்வாள், இடித்துவிடக் கூடாது என்று. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு குளிரும். டைவ் செய்கிறவர்களுக்கு 2000இல் சர்க்கரை ஏற்றிக்கொண்டு மூழ்கிய கப்பலும் அங்கே கிடக்கிறது.

ஆனால் சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து கோத்தா பாரு, அப்புறம் காரில் கோலா பெசுட் துறைமுகம், அப்புறம் விரைவுப் படகு. அந்தப் படகு தூக்கித் தூக்கிப் போடும், முதுகும் முழங்காலும் தாங்காது. தீவில் சைவம் என்றால் வெள்ளைச் சோறும் கீரையும்தான், அதிலும் பெலாச்சான் (இறால் விழுது) சேர்க்க வேண்டாம் என்று ஒவ்வொரு வேளையும் சொல்ல வேண்டும். ஏழு நாளில் இரண்டு நாள் பயணத்திலேயே போய்விடும். பத்து நாள் இருந்தால் வாருங்கள்.

கோவை ராஜி | மார்ச் 6

மாலத்தீவு கேட்கும் மகளுக்காக இது. நாங்கள் சொகுசு ரிசார்ட்டுக்குப் போகவில்லை, உள்ளூர் மக்கள் வசிக்கும் தீவில் விருந்தினர் விடுதியில் தங்கினோம். செலவு நினைத்ததைவிடக் குறைவு. விசா இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள். ஆனால் படத்தில் பார்க்கும் அந்த வெளிர்நீலத் தண்ணீர் பெரும்பாலும் வெறும் மணல். இரண்டு நாள் நீந்தியும் பிள்ளைகள் பார்த்தது நாலு மீன். பவளப்பாறை தீவின் விளிம்பில் இருக்கும், அங்கே சடாரென்று ஆழம். வாய்க்கால் போன்ற இடைவெளிகளில் நீரோட்டம் பலமாக இழுக்கும். பதிவு செய்வதற்கு முன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் பாறை இருக்கிறதா, இறங்கும் வழி எங்கே? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த தீவு. மே என்றால் மழையும் தொடங்கியிருக்கும்.

கடமத் கனவு | மார்ச் 7

லட்சத்தீவு பற்றி: அனுமதிச் சீட்டு, கொச்சியிலிருந்து கப்பல் அல்லது அகத்திக்குச் சிறிய விமானம். எல்லாம் அமைந்தால் அவ்வளவு தெளிந்த காயல் நம் நாட்டில் வேறெங்கும் இல்லை. ஆனால் மே நடுவில் அந்தப் பக்கமும் கடல் எழும்பிவிடும். நவம்பருக்கு அப்புறம் யோசியுங்கள்.

மதுரை அப்பா | மார்ச் 8

தீவு எதுவானாலும், பிள்ளைகளை இறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் போன வருடம் பெரியவனை (11 வயது) ஒரு தீவில் டிரை டைவுக்கு (கோர்ஸ் இல்லாமல் இன்ஸ்ட்ரக்டரோடு இறங்கிப் பார்க்கும் முதல் டைவ்) கூட்டிப்போனேன். எந்த இடம், எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. முந்தின நாளிலிருந்து அவனுக்கு மூக்கொழுகல். பணம் கட்டியாயிற்று, நாளைக்குக் கப்பல், லேசான சளிதானே என்று நான் வாயைத் திறக்கவில்லை. மருத்துவப் படிவத்தைக் கடைப் பையனே எடுத்து எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு என்னிடம் கையெழுத்து கேட்டான். போட்டுவிட்டேன். மூன்று மீட்டர்கூட இறங்கியிருக்க மாட்டான், காதைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். மேலே வந்தபோது மாஸ்க்குக்குள் ரத்தம். ஊருக்கு வந்து காது டாக்டரிடம் காட்டினால் செவிப்பறை சிவந்து வீங்கியிருக்கிறது என்றார். ஆறு வாரம் காதில் தண்ணீர் படக் கூடாது. பையன் இப்போது நீச்சல் குளத்துக்கே வர மறுக்கிறான். அந்தக் கையெழுத்து என்னுடையது, அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

நீலத்திருக்கை | மார்ச் 8

மதுரை அப்பா, இதை எழுதியதற்கு நன்றி. எத்தனையோ பேர் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. ஆனால் காதுக்குச் சோதனை முதல் சில மீட்டரிலேயே வந்துவிடும், மாறும் விகிதம் அங்கேதான் அதிகம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி, வலி வரும் முன்பே காதைச் சமன் செய்ய வேண்டும். வலி வந்தபின் ஊதினால் திறக்காது, கொஞ்சம் மேலே ஏறித் திரும்ப முயல வேண்டும். சளி இருந்தால் மூக்கிலிருந்து காதுக்குக் காற்று போகும் வழியே அடைத்திருக்கும். அன்றைக்கு டைவ் கிடையாது, அவ்வளவுதான். வீசிங், வலிப்பு, இதயக் கோளாறு இருப்பவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

பையன் பயத்தைப் பற்றி: கட்டாயப்படுத்தாதீர்கள். காது ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னபின் முகத்தை மட்டும் நனைக்கும் விளையாட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

வேளச்சேரி அம்மா, வயது விஷயம். மகனுக்கு 9 தான், கடலில் ஸ்கூபா 10 வயதிலிருந்துதான். 8 வயதிலிருந்து நீச்சல் குளத்தில் இரண்டு மீட்டர் ஆழத்துக்குள் டாங்க் மாட்டி மூச்சுவிடப் பழக்குவார்கள். ‘பரவாயில்லை சார், நாங்க பாத்துக்கறோம்’ என்று 9 வயதுப் பிள்ளையைக் கடலில் இறக்க ஒரு கடை ஒப்புக்கொண்டால் மகளையும் அங்கே விடாதீர்கள். மகள் ஜூனியர் ஓப்பன் வாட்டர் செய்யலாம்; அவள் வயதுக்கு 18 மீட்டர் வரை, டைவ் சான்றிதழ் கார்டு உள்ள பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவள் அப்பாவுக்கே அந்த இடம் கிடைக்கும், ஆனால் பன்னிரண்டு வருட இடைவெளி பெரிது. அவர் முதலில் ரிஃப்ரெஷர் (மறந்ததைப் புதுப்பிக்கும் பயிற்சி) எடுக்கட்டும்.

பாடத்தை வீட்டில் ஆன்லைனில் படித்து, குளத்துப் பயிற்சியைச் சென்னையிலேயே முடித்துவிட்டால், கடல் டைவ் நாலும் இரண்டு நாளில் முடியும். இதற்கு ரெஃபரல் என்று பெயர். திருகோணமலையில் ஏற்பார்களா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரம் இருக்கட்டும். மலை ஏறுவதும் அதே கணக்குதான். டைவ் முடிந்த சூட்டோடு நுவரெலியா பார்க்கப் போகிறார்கள், 1,868 மீட்டர் உயரம், அது ஆபத்து.

வேளச்சேரி அம்மா | மார்ச் 9

திருகோணமலை என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மகளுக்கு ஜூனியர் கோர்ஸ் என்றதும் மாலத்தீவை மறந்துவிட்டாள். இனி என் கவலை எனக்கும் மாமியாருக்கும். நீச்சலே தெரியாமல் ஸ்நார்கெல் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்தபடி பார்ப்பது) செய்ய முடியுமா? முகம் முழுவதும் மூடும் மாஸ்க் ஆன்லைனில் பார்த்தேன், அது சுலபம் என்கிறார்களே?

தூத்துக்குடி சங்குக்காரர் பேரன் | மார்ச் 9

அந்த முழுமுக மாஸ்க் வேண்டாம் அக்கா. விட்ட மூச்சுக்காற்றே உள்ளே தங்கித் திரும்ப இழுக்கும்படி ஆகிவிடலாம், தண்ணீர் புகுந்தால் சட்டென்று துப்பவும் முடியாது. கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடும் சாதாரண மாஸ்க்கே போதும். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தபின் விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்கள் அளவு. கண்ணாடி போடுகிறவர் என்றால் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கும். பிள்ளைகளுக்குச் சின்ன அளவு இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள், படகில் தருவது பெரியவர் அளவில்தான் இருக்கும்.

எங்கள் தாத்தா சங்கு குளிக்கப் போனவர். கடலில் இறங்கும் முன் நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்காமல் காலை வைக்க மாட்டார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே நான் என் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவுக்கு அப்போது 66 வயது. வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய அண்டா இருக்கிறதல்லவா, அதில் தண்ணீர் நிரப்பி ஸ்டூலில் தூக்கி வைத்தேன். அம்மா நின்றபடியே மாஸ்க்கும் ஸ்நார்கெல் குழாயும் போட்டு முகத்தை முக்கினார். முதல் நாள் எண்ணி மூன்று மூச்சு, முகத்தைத் தூக்கிவிட்டார். கண்ணைத் திறக்கச் சொல்லி அண்டாவின் அடியில் ஒரு ஐந்து ரூபாய் காசைப் போட்டேன், தலையா பூவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாலாவது நாள் பத்து நிமிடம் அப்படியே நின்றார். வாயால் மூச்சுவிடுவதுதான் பழக வேண்டிய ஒரே வித்தை. அது வந்துவிட்டால் லைஃப் ஜாக்கெட்டும் மிதவை வளையமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

உடைக்கு: முழுக்கை நீச்சல் சட்டை, லெகின்ஸ். சேலையோ சுடிதாரோ தண்ணீரில் கனத்துக் காலைச் சுற்றும். வெயிலுக்கும் அது நல்லது, சன்ஸ்கிரீனைக் கழுத்துக்கும் முகத்துக்கும் மட்டும் பூசினால் போதும், பாறைக்கும் கெடுதல் குறைவு. படகுத் தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை.

திருமலைக் கரையான் | மார்ச் 10

அண்டா யோசனை அருமை. அக்கா, சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர் விமானம் உண்டு, அங்கிருந்து காரில் வந்தால் கொழும்பு வழியைவிட அலைச்சல் குறைவு. படகோட்டியிடம் ஏறும் முன்பே, ‘நாங்கள் முருகைக்கல்லில் கால் வைக்க மாட்டோம், நீங்களும் நங்கூரத்தை அதன் மேல் போடாதேயுங்கோ’ என்று சொல்லிவிடுங்கோ. கேட்டால் செய்வார்கள். பூங்காக் கட்டணம் வேறு, படகு வேறு. வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிட மிகக் கூடுதல், அதை இப்போதே கணக்கில் வையுங்கோ.

வேளச்சேரி அம்மா | மே 27

போய் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் எழுதிய எல்லோருக்கும் சொல்லியே ஆக வேண்டும்.

அண்டாப் பயிற்சி ஏப்ரல் முழுக்க நடந்தது. மாமியார் காலையில் விளக்கேற்றிவிட்டு நேராக அண்டாவுக்கு வருவார். மகன் அடியில் போடும் காசை மாற்றிக்கொண்டே இருந்தான்.

நிலாவெளியில் முதல் நாள் காற்று, படகு விடவில்லை. பக்கத்தில் இன்னொரு குடும்பம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் கோணேசரைப் பார்க்கப் போய்விட்டோம். மறுநாள் ஏழு மணிப் படகில் எங்களைத் தவிர இரண்டே பேர். மாமியாரை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம், செருப்பு இல்லாமல் அந்தக் கரையில் ஓர் அடி வைக்க முடியாது, உண்மை. வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கியவர் வெகுநேரம் தூக்கவே இல்லை. பயந்துபோய் முதுகைத் தட்டினேன். தலையைத் தூக்கி, குழாயை எடுத்துவிட்டு, “ஒரு மீன் கல்லைக் கடிக்கிற சத்தம் கேக்குதுடி” என்றார். கிளிமீன் பாறையைக் கொறிக்கும் சத்தம் அது. நானும் முகத்தை முக்கினேன். நறநறவென்று கேட்டது. கடலுக்குள் சத்தம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மகன் சுறா ஐந்து எண்ணினான். அக்காவுக்கு டாங்க், தனக்கு இல்லை என்று முதல் நாள் அழுதவன், அவள் டைவ் முடித்து வந்ததும் “நீ எத்தனை சுறா பார்த்தே?” என்று கேட்டான். அவள் பார்த்தது ஒன்றுகூட இல்லை. மகள் நாலு டைவும் முடித்தாள், மூன்றாவதில் காது திறக்கவில்லை என்று அவளே சைகை காட்டி மேலே ஏறி, சமன் செய்து திரும்ப இறங்கியிருக்கிறாள். மதுரை அப்பா, உங்கள் பதிவை அவளைப் படிக்க வைத்திருந்தேன்.

பவளப்பாறை நிறைய இடத்தில் உடைந்து கிடந்தது, அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பத்து மணிக்கு மேல் கூட்டம் வந்து பாறை மேல் நின்று படம் எடுக்கிறது. மாமியார் தண்ணீரில் மிதந்தபடியே அவர்களைத் தமிழில் கண்டித்தார், இரண்டு பேர் இறங்கினார்கள்.

மதுரை அப்பா | மே 27

படித்தேன், கண் கலங்கிவிட்டது. டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். அண்டா எங்கள் வீட்டிலும் இருக்கிறது. பையனுக்கு எந்த அளவு மாஸ்க் வாங்கினீர்கள்?

வேளச்சேரி அம்மா | மே 28

சிறுவர் அளவு. வாங்கும் முன் உறிஞ்சிப் பார்க்கச் சொல்லுங்கள். மகனுக்கு முதலில் எடுத்தது மூக்கோரத்தில் ஒழுகியது, கடையில் மாற்றிக்கொண்டோம். காசு போட மறக்காதீர்கள், பிள்ளைகளுக்கு அதுதான் இழுக்கும்.